அத்தியாயம் 3: சோற்றைக் குறைப்பதும் சுகரைப் பார்ப்பதும்

சர்க்கரை இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த முதல் வாரத்தில் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்வார்கள். ராத்திரிக்குச் சப்பாத்தி என்பார் ஒருவர். கேழ்வரகுக் களி என்பார் இன்னொருவர். சோற்றை வடித்துச் சாப்பிட்டால் சுகர் ஏறாது, ஆவாரம்பூவைக் கொதிக்க வைத்துக் குடி, வெந்தயத்தை ஊறப்போடு என்று வரிசையாக வரும். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் எந்தச் சாப்பாடு உங்கள் உடம்பில் எவ்வளவு சர்க்கரையை ஏற்றுகிறது என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. இந்தப் புத்தகத்துக்கும் தெரியாது. சாப்பிடுமுன் ஒரு சொட்டு ரத்தம், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் இன்னொரு சொட்டு, இந்த இரண்டும்தான் அதைச் சொல்லும். இந்த அத்தியாயம் அந்த இரண்டு சொட்டுகளை வைத்து உங்கள் இலையை மாற்றி அமைப்பதைப் பற்றியது.

முதலில் ஓர் எச்சரிக்கை. இங்கே சொல்வது பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதல் வகைச் சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் இதைப் பார்த்துத் தாங்களாகச் சோற்றைக் குறைக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிகிளாசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சோற்றைக் குறைக்கும் அன்றே டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவையும் பார்க்க வேண்டும். பழைய அளவுச் சோற்றுக்காக எழுதிய மருந்தைச் சாப்பிட்டுவிட்டுப் பாதிச் சோறு சாப்பிட்டால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்று 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. சுகர் பார்க்கும் மெஷின் பெரிய எண் காட்டாமலேயே அது வரும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இரண்டு பயமும் பெரும்பாலும் இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எடை இறங்க இறங்கத் தலைசுற்றல் வருகிறதா என்று கவனித்து, வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எடை மளமளவென்று குறைகிறது, வாந்தி, தீராத தாகம், 300க்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காவிரிக் கரைச் சோறு

மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று ஆண்டு முழுக்க நெல்லைச் சுற்றியே ஓடுகிற ஊர் நம்முடையது. காலையில் இட்லி அல்லது பழைய சோறு, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை அல்லது மிச்சச் சோறு. மூன்று வேளையும் அரிசிதான். நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஏழை வீட்டில் வயிற்றை நிரப்புவது அதுதான் என்பதை மறந்துவிட்டு 'அரிசியை விடு' என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த மண்ணில் விளைவதை இங்கே வாழ்கிறவர் தொடக்கூடாது என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அளவுதான் பிரச்சினை.

அந்த அளவைப் பற்றிச் சென்னையிலிருந்து நடந்த ஆராய்ச்சிகள் நமக்கு நேராகப் பொருந்தும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய இண்டியாப் ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், பெரியவர்களில் 11.4 சதவீதம். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். இதே குழு 2022-இல் 18,090 பேரின் சாப்பாட்டை ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னது. புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள் மொத்தக் கலோரியில் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 19–20 சதவீதத்துக்கு உயர்த்தினால் நோய் தணிய நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றது. நம் தட்டில் இப்போது மாவுச்சத்து 60 முதல் 75 சதவீதம் வரை இருக்கிறது. இருபத்தொரு நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வும் 2020-இல் வெள்ளை அரிசி அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வருவதைக் கண்டது. தெற்காசியாவில்தான் அந்தத் தொடர்பு மிகவும் வலுவாக இருந்தது.

சதவீதத்தைச் சோற்றுக்கு மாற்றிப் பார்ப்போம். நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுகிறவர் 65 சதவீதத்தை மாவுச்சத்தில் எடுத்தால் அது 290 கிராம். 50 சதவீதம் என்றால் 225 கிராம். குறை மாவுச்சத்து உணவு என்று மருத்துவ உலகம் சொல்வது பொதுவாக 130 கிராமுக்குக் கீழே. மூன்று எண்களையும் மனத்தில் வையுங்கள். 225 உங்கள் முதல் படி. இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் முடியும். 130 இரண்டாம் படி. டாக்டரின் கண்காணிப்பில், மருந்தைக் குறைத்துக்கொண்டு போக வேண்டியது. முதல் ஆறு மாதத்தில் இரண்டாம் படி கூடுதலாகப் பலன் தருகிறது. ஒரு வருடம் ஆகும்போது மற்ற உணவு முறைகளோடு அதற்குள்ள வித்தியாசம் குறைந்துவிடுகிறது, முக்கியமாகப் பலரால் அதைத் தொடர முடிவதில்லை என்பதால். ஆகவே உங்கள் வீட்டில் அடுத்த தைப்பொங்கலுக்கும் நடக்கக்கூடியது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு தடவை தராசு வையுங்கள்

வீட்டில் சின்ன தராசு இல்லாவிட்டால் மளிகைக் கடையில் கேட்டு ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் எத்தனை கிராம் சோறு பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் பிறகு தராசு தேவைப்படாது. வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம். வயிறு நிறையச் சாப்பிடும் ஒருவரின் தட்டில் 350 கிராம் சோறு இருக்கும், அப்படியென்றால் ஒரே வேளையில் 100 கிராம் மாவுச்சத்து. நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம். தோசை ஒன்றில் 20 வரை. சப்பாத்தியில் 15 முதல் 20. ராத்திரிக்கு நான்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுச் 'சோறே சாப்பிடவில்லை' என்று சொல்கிறவர்களுக்கு ஏன் காலையில் சுகர் இறங்கவில்லை என்பது இதில் தெரியும்.

கேழ்வரகு, வரகு, தினை எல்லாவற்றிலும் 100 கிராம் தானியத்தில் 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூட இருக்கிறது, அது நல்லது. ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அந்த நன்மையும் பாதி போய்விடும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் போன்ற பாரம்பரிய நெல்லுக்கும் இதேதான். தீட்டாத அரிசியில் தவிடும் சத்தும் இருக்கின்றன, சுவையும் உண்டு, வாங்க முடிந்தால் வாங்குங்கள். அளவை மட்டும் கூட்டாதீர்கள். கவுனியில் வெல்லமும் தேங்காயும் போட்டுக் கிண்டினால் அது பலகாரம். 'சுகர் ஃப்ரீ அரிசி' என்று பை மேல் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது மாவுச்சத்துதான். சோற்றை வடித்தால் வடிகஞ்சியோடு போவது கொஞ்சம்தான், பெரும்பகுதி பருக்கைக்குள்ளேயே இருக்கிறது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் ரத்தத்துக்குள் போனபின் சீனியைப் போலத்தான்.

காபிக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நான்கு தம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் சீனி மட்டும் 35, 40 கிராம் ஆகிறது. காபியை விட வேண்டாம். இந்த வாரம் ஒரு தேக்கரண்டி, அடுத்த வாரம் அரை, பிறகு ஒன்றுமில்லை. நல்ல டிகாஷனாக இருந்தால் மூன்றாம் வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

குறைத்த இடத்தில் எதை வைப்பது

சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் நான்காம் நாள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவீர்கள். பசி உங்களைத் திருப்பிவிடும். அந்த இடத்தில் வைக்க வேண்டியது நம் வயலிலேயே இருக்கிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பது டெல்டாவின் வழக்கம். நெல்லை அறுத்தபின் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது விளையும். இந்த நெல் தரிசுக்கென்றே ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 3 என்று உளுந்தில் ஒன்றும் பச்சைப்பயற்றில் ஒன்றும் ரகம் வெளியிட்டது. விளைந்த பயற்றில் பெரும்பகுதியை வியாபாரிக்குப் போட்டுவிட்டு நாம் அரிசியை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்கிறோம். சர்க்கரை வந்த வீட்டில் இரண்டு மரக்கால் பயறாவது உள்ளே இருக்கட்டும்.

பச்சைப்பயறு தோசையை ஒரு தடவை செய்து பாருங்கள். முழுப் பயற்றை ஐந்தாறு மணி நேரம் ஊறவைத்து, தோல் எடுக்காமல், இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்துக் கொஞ்சம் கரகரப்பாக அரையுங்கள். அரிசி வேண்டாம். புளிக்கவும் தேவையில்லை. கல் நன்றாகக் காய்ந்ததும் ஊற்றிப் பொடியாக அரிந்த வெங்காயத்தை மேலே தூவி, ஓரம் பிரிந்து வரும்வரை திருப்பாமல் விடுங்கள், அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். 30 கிராம் பயற்றில் வார்க்கிற ஒரு தோசையில் சுமார் 7 கிராம் புரதம் கிடைக்கும். அரிசித் தோசையில் அதில் பாதிகூட வராது. இரண்டு பயறு தோசையும் தக்காளிச் சட்னியும் சாப்பிட்டால் பதினொரு மணிக்குப் பசிக்காது.

தஞ்சாவூர்ச் சமையலில் இதற்கென்றே செய்தது போல ஏகப்பட்ட பதார்த்தங்கள் உண்டு. கொத்தவரங்காய்ப் பருப்பு உசிலி, வாழைப்பூ உசிலி, வாழைத்தண்டு மோர்க்கூட்டு, கீரை மசியல், பருப்பு உருண்டைக் குழம்பு. இதுவரை அவை சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருந்தன. இனி கிண்ணம் நிறைய அதைப் போட்டுக்கொண்டு சோற்றை அதற்குத் தொட்டுக்கொள்ளுங்கள். அவரை, புடலை, பீர்க்கு, சுரை, பாகல், கத்தரி, வெண்டை, முட்டைக்கோஸ் எல்லாம் தாராளமாக. உருளை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு, சேனை, வாழைக்காய் ஆகியவற்றைக் காய்க் கணக்கில் சேர்க்காமல் சோற்றுக் கணக்கில் சேருங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி பக்கத்திலேயே இருக்கின்றன. மத்தியும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் பெரிய மீனைவிட விலை குறைவு, சத்தில் குறைவில்லை. குழம்பு மீனில் மாவுச்சத்து இல்லை. அரிசி மாவும் சோள மாவும் பிசைந்து பொரித்தால் வந்து சேரும். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். சைவக்காரர்கள் பருப்பு, தயிர், பனீர், கொண்டைக்கடலை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று நாள் முழுக்கப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரே வேளையில் போதிய புரதம் வந்துவிடாது. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை வாங்காமல் விடாதீர்கள். எண்ணெயைப் பொறுத்தவரை நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அளவாகப் போட்டுத் தாளிப்பதில் தவறில்லை. பொரித்ததைத்தான் குறைக்க வேண்டும்.

சாப்பிடும் வரிசையையும் மாற்றுங்கள். காயும் பருப்பும் மீனும் முதலில், சோறு கடைசியில். அதே சாப்பாடு, வரிசை மட்டும் மாறினால் சாப்பிட்டபின் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டு எழுந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் அப்படியே. தெருக்கோடி வரை போய்வந்தால் போதும்.

கிராமத்து வீடுகளில் சோற்றைக் குறைக்கச் சொல்லும்போது எழும் முதல் கேள்வி எல்லா நர்சுகளுக்கும் தெரியும். "சோத்தக் குறைக்கச் சொல்றீங்களே சிஸ்டர், அரை வயித்தோட அவங்கள எப்படி வயலுக்கு அனுப்புறது?" நியாயமான கேள்வி. கோபப்படக் கூடாத கேள்வியும்கூட. நாற்றுப் பறிக்கவோ வரப்பு வெட்டவோ போகிறவருக்கு உட்கார்ந்து வேலை செய்கிறவரைவிடச் சோறு அதிகம் வேண்டும். உழைக்கிற தசை சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். "அரை வயிறு வேண்டாம் அக்கா. சோறு ரெண்டு கரண்டி கம்மி, அதுக்குப் பதிலா ரெண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் கட்டிக் கொடுங்க. வேலை இல்லாத நாள்ல இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்பதுதான் பதில். பழைய சோறு பழக்கமுள்ளவர்கள் நீராகாரத்தை நிறைய ஊற்றிப் பருக்கையைக் குறைத்து, தயிரும் அவித்த முட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இரவு முழுக்க ஆறிக் கிடந்த சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவுக்கு மாறுகிறது, அதனால் கொஞ்சம் லாபம் உண்டு. எவ்வளவு என்பதைச் சொல்ல மெஷின் இருக்கிறது.

ஜோடிப் பரிசோதனை

பெரும்பாலானவர்கள் மாதம் ஒரு தடவை லேபுக்குப் போய் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று கொடுக்கிறார்கள். அந்த 'சாப்பிட்டபின்' என்பது லேபுக்குப் பக்கத்து டிபன் கடையில் சாப்பிட்ட இரண்டு இட்லி. நீங்கள் தினமும் வீட்டில் சாப்பிடும் மத்தியானச் சோறு அந்த ரிப்போர்ட்டில் வருவதே இல்லை. சிலர் டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்தே பத்தியம் இருப்பார்கள். நல்ல எண் வரும். அதை நம்பி டாக்டர் மருந்தை மாற்றாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால்தான் வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் வேண்டும். மெஷினைவிட ஸ்ட்ரிப்தான் தொடர் செலவு. பிராண்டைப் பொறுத்து ஒன்று 15 முதல் 25 ரூபாய் ஆகும். மெஷின் வாங்கும்போதே அதன் ஸ்ட்ரிப் உங்கள் ஊர் மருந்துக்கடையில் எப்போதும் கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரித்து வாங்குங்கள்.

விரலைக் குத்துவதற்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். வாழைப்பழம் உரித்த விரலில் மிச்சமிருக்கும் துளி போதும், எண் 50, 60 கூட ஏறிவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. குத்துமுன் கையைத் தொங்கவிட்டு உதறினால் ரத்தம் தானாக வரும். பிதுக்கிப் பிதுக்கி எடுத்தால் நீர் கலந்து எண் மாறும். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்தவுடன் மூடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து கிடந்த ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது. சித்திரை வெயிலில் சைக்கிள் பையில் கிடந்ததும் அப்படியே. லான்செட் ஊசியை இன்னொருவரோடு பகிரவே கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும்.

நல்ல மெஷின்கூட லேப் எண்ணிலிருந்து 15 சதவீதம் வரை தள்ளிக் காட்டலாம் என்பது தர விதியே ஏற்றுக்கொண்டது. 150 என்றால் உண்மையில் 130-ஆகவும் இருக்கலாம், 170-ஆகவும் இருக்கலாம். இரண்டு நிமிடத்தில் இரண்டு தடவை குத்தி, 148-ஆ 156-ஆ என்று கவலைப்பட்டு ஸ்ட்ரிப்பை வீணாக்க வேண்டாம். பெரிய ஏற்ற இறக்கத்தைத்தான் நாம் தேடுகிறோம்.

இனி முறை. ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். சாப்பிட உட்காருமுன் பாருங்கள். முதல் கவளம் வாயில் வைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. இடையில் காபி, பிஸ்கட், பழம் எதுவும் வேண்டாம். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சாப்பாடு செய்த வேலை. அது 50-க்குள் இருந்தால் அந்த இலை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. 60, 70-ஐத் தாண்டினால் சோற்றின் அளவைக் குறைத்து அதே வேளையை இன்னொரு நாள் சோதியுங்கள். ஒரு தடவைக்கு இலையையோ நடையையோ ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சோற்றையும் குறைத்து, நடையும் நடந்து, வெந்தயமும் குடித்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஒரு நோட்டு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை. குத்தாலம் பக்கத்து ஐம்பது வயது விவசாயி, மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மத்தியானம்: சோறு 350 கிராம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். முன் 142, பின் 248. ஏற்றம் 106. புதன்: சோறு 200 கிராம், அதே சாம்பார், அரைக்கீரை மசியல், ஒரு முட்டை. முன் 138, பின் 196. ஏற்றம் 58. வெள்ளி: சோறு 120 கிராம், முதலில் புடலங்காய்க் கூட்டு இரண்டு கிண்ணம், மத்தி மீன் குழம்பு, கடைசியில் சோறு. முன் 135, பின் 168. ஏற்றம் 33. ஒரு வாரத்தில் ஆறு ஸ்ட்ரிப். 120 முதல் 180 கிராமுக்குள் எங்கேயோ இவருடைய சோறு இருக்கிறது என்று இந்த மூன்று வரியும் சொல்லிவிட்டன. அடுத்த வாரம் இதையே காலை டிபனுக்குச் செய்யலாம். பலருக்கு மத்தியானத்தைவிடக் காலையில்தான் அதே அளவு மாவுச்சத்து அதிகமாக ஏற்றும். மூன்று இட்லி 80 ஏற்றுகிறதா, இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் 45 ஏற்றுகிறதா என்று தெரிந்துகொண்டால் பிறகு யாருடைய யோசனையும் தேவைப்படாது.

இந்த நோட்டில் எண்ணோடு சாப்பிட்டதையும் எழுதுவது கட்டாயம். வெறும் எண்கள் மட்டும் இருக்கிற நோட்டு டாக்டருக்கும் பயன்படாது.

பொதுவான இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180-க்குக் கீழே. வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் இதைத் தளர்த்துவார். காலை வெறும் வயிற்று எண் மட்டும் பிடிவாதமாக 140, 150 என்று நின்றால் மனம் உடைய வேண்டாம். விடியற்காலையில் கல்லீரல் தானே சர்க்கரையை வெளியே விடுகிறது. ராத்திரி பட்டினி கிடந்தால் இது இறங்கும் என்று எண்ணிப் பட்டினி கிடக்காதீர்கள். கடைசியாக இறங்குகிற எண் பெரும்பாலும் இதுதான். எடை குறையும்போது, முக்கியமாக வயிற்றுக் கொழுப்பு கரையும்போது, அதுவும் இறங்கும்.

மெஷின் வாங்க வழியில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றாநோய்ப் பிரிவில் சோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு வருகிறவரிடம் பெயர் கொடுத்துவையுங்கள். அவர் வரும் நாளில் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்படி நேரம் பேசிக்கொண்டால் அந்த ஒரு சோதனையும் வீணாகாது.

வயலிலும் பந்தியிலும்

வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, படபடப்பு, கண் இருட்டுகிறது என்றால் லோ சுகர். வெயிலில் வேலை செய்கிறவர்கள் இதைக் களைப்பு என்று நினைத்து வரப்பில் படுத்துவிடுவது ஆபத்து. மெஷின் கையில் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் பார்க்காமலே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி. தெளிந்தபின் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். சீனிப் பொட்டலம் ஒன்று மடியில் எப்போதும் இருக்கட்டும். லோ சுகர் வந்த நாளை நோட்டில் எழுதி, அந்த வாரமே டாக்டரிடம் மாத்திரையைக் குறைக்கக் கேளுங்கள்.

சேற்றில் வெறுங்காலோடு இறங்குவது நம் வேலையின் பகுதி. காலில் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா என்று டாக்டரிடம் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். கரையேறியதும் கால் கழுவி விரலிடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாராவது பார்க்கட்டும். முள் குத்தியது தெரியாமல் போவதுதான் காலை இழப்பதன் தொடக்கம்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பொரியல், கூட்டு, பருப்பு, பச்சடி ஆகியவற்றை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்குங்கள். சாம்பாருக்குக் கொஞ்சம் சோறு, மோருக்குக் கொஞ்சம், போதும். பாயசம் இரண்டு வாய். பரிமாறுகிறவர் விடமாட்டார், இலையின் மேல் கையை வைத்துவிடுங்கள். ஆடிப்பெருக்குக் கலந்த சாதங்களிலும் பொங்கலிலும் ஒரு நாள் எண் ஏறினால் குடி முழுகிவிடாது. மறுநாள் காலை பழைய ஒழுங்குக்குத் திரும்பினீர்களா என்பதுதான் முக்கியம். ஏகாதசி, ரம்ஜான் என்று நோன்பு இருக்கிறவர்கள் முன்கூட்டியே மருந்து நேரத்தை டாக்டரோடு பேசிக்கொள்ள வேண்டும். விரத நாளில் சோற்றுக்குப் பதில் ஜவ்வரிசியும் கிழங்கும் சாப்பிட்டால் சோறு சாப்பிட்டதைவிட எண் ஏறலாம்.

மூன்றாம் மாதம்

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி சோதனையை நோய் தெரிந்தபோது எடுத்திருப்பீர்கள். இல்லையென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள், ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி. 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். பெரும்பாலோருக்கு இலக்கு 7-க்குக் கீழே. ரத்தசோகை இருந்தால் இந்த எண் பிசகும். இரும்புச்சத்துக் குறைவால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். நம் பெண்களில் ரத்தசோகை மிகுதி என்பதால் கூடவே ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு நோட்டின் எண்ணும் ஏ1சி-யும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் அதைக் கேள்வியாக எழுதிக்கொண்டு போங்கள். கண் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், கிரியாட்டினின், கொழுப்பு ஆகியவற்றையும் முதல் வருடத்தைக் கடத்தாமல் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின்தான் புரதத்தைத் தாராளமாகக் கூட்டலாம்.

சிலருக்கு எடை நன்றாகக் குறைந்து, டாக்டர் ஒவ்வொரு மாத்திரையாக நிறுத்திப் பார்க்கும் நிலை வரும். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களில் தீவிரமாக எடை குறைத்த குழுவில் 46 சதவீதத்தினர் ஒரு வருட முடிவில் மருந்தில்லாமல் சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே வந்தார்கள். இரண்டாம் வருடம் அது 36 சதவீதமானது. மருந்தை முழுவதும் நிறுத்தி மூன்று மாதம் ஆனபின்னும் ஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் நோய் தணிந்திருக்கிறது என்று மருத்துவர்கள் ஏற்கிறார்கள். எல்லோருக்கும் இது கிடைக்காது. நோய் வந்து அதிக நாள் ஆகாதவர்களுக்கும், எடையைக் கணிசமாகக் குறைக்க முடிந்தவர்களுக்கும்தான் வாய்ப்பு அதிகம். மெலிந்த உடம்போடு சர்க்கரை வந்தவர்கள் எடையைக் குறைக்க முயலக் கூடாது. அடிக்கடி மேல்வயிற்று வலியும் இருந்தால் கணையத்தைச் சோதிக்கக் கேட்க வேண்டும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டு, எல்லா மாத்திரை அட்டைகளும், கடைசி மூன்று மாத எடை, சாப்பிட்டுவரும் நாட்டு மருந்தின் பெயர் ஆகிய நான்கையும் கையில் கொண்டுபோங்கள். 'இந்த எண்ணுக்கு எந்த மாத்திரையைக் குறைக்கலாம், குறைத்தபின் எந்த நாட்களில் நான் பார்க்க வேண்டும்' என்று கேட்டு, அவர் சொல்கிற தேதிகளை அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.